'அதோ, அங்கே' என்று சொல்லாதீர்கள்: ஈரநிலப் பூங்காவில் முதல் பறவை நடை

குழுவோடு முதன்முதலாகப் பறவை பார்க்கப் போன அன்று நான் செய்த பெரிய காரியம், ஒரு பிளாஸ்டிக் பையைக் கொக்கு என்று பத்துப் பேருக்குக் காட்டியதுதான். நாணலுக்கு நடுவே வெள்ளையாக, காற்றில் லேசாக அசைந்துகொண்டு, அச்சு அசல் கொக்கு. "அதோ, அங்கே!" என்று கையை நீட்டினேன். பத்து பைனாகுலர்களும் பத்துத் திசையில் திரும்பின. ஒருவருக்கும் அகப்படவில்லை. கடைசியில் குழுவை நடத்தியவர் முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியான தன் ஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்ல கண்தான். ஆனால் இது பறக்காது" என்றார்.

பையைக் கொக்காகக் காண்பது குற்றமில்லை. முப்பது ஆண்டுகள் பறவை பார்த்தவர்களும் மரக்கட்டையைக் குருகு என்று நம்பி அரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள். 'அதோ, அங்கே' என்றதுதான் குற்றம். தனியாகப் பறவை பார்ப்பவருக்கு இரண்டு கண்கள். குழுவில் போகிறவருக்கு இருபது கண்கள். ஆனால் ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லத் தெரிந்தால்தான் அந்த இருபதும் உங்களுடையவை. ஆகவே முதல் நடையில் பறவைப் பெயர்களைவிட, பறவை நிற்கும் இடத்தைச் சொல்லப் பழகுவதைப் பெரிதாக நினையுங்கள். அதை நடுவில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் வீட்டிலிருந்து கிளம்புவோம்.

நடையைத் தேர்ந்தெடுத்தல்

1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று ஈரானில் உள்ள ராம்சர் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம், ஈரநிலம் என்ற சொல்லுக்கு மிகத் தாராளமான பொருளைக் கொடுத்தது. இயற்கையானதோ செயற்கையானதோ, நிலைத்த நீரோ பருவத்துக்கு வந்து வற்றும் நீரோ, நன்னீரோ உவர்நீரோ, எல்லாம் அதில் அடக்கம். கடலோரம் என்றால், நீர் வற்றிய நேரத்தில் 6 மீட்டருக்கு மேல் ஆழமில்லாத பகுதியும் சேரும். எனவே 'ஈரநிலப் பூங்கா' என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் நாணல் மண்டிய குளமும் இருக்கலாம், சேற்றுக் கழிமுகமும் இருக்கலாம். உங்கள் பூங்கா எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புறப்படும் நேரம் அதைப் பொறுத்தது.

நன்னீர் ஈரநிலம் என்றால் விடியற்காலை. சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரத்தில் பறவைகள் இரை தேடும், கூவும், இடம் மாறும். வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பிலிருந்து அனல் அலையலையாக எழும்பி, எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியாக இருந்தாலும் தூரத்துப் பறவை நெளிந்துதான் தெரியும்.

கடலோரச் சேறு என்றால் கணக்கே வேறு. அங்கே பறவைகள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, கடல் ஏற்றத்தைப் பார்க்கின்றன. நீர் வற்றினால் கரைப்பறவைகள் கிலோமீட்டர் கணக்கில் சேற்றில் சிதறிப் புள்ளிகளாகிவிடும். நீர் ஏற ஏறக் கரையை நோக்கி ஒதுங்கி நெருங்கி வரும். முழு ஏற்றத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பது நல்லது. பெரும்பாலான கடற்கரைகளில் ஏற்றம் ஒரு நாளைக்கு இருமுறை வரும், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே போன வாரம் ஏழு மணிக்குப் போன குழு இந்த வாரம் நண்பகலில் கூடினால் நடத்துபவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள்.

குழுவின் அளவையும் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் சரி. முப்பது பேருக்கு ஒருவர் என்றால் அது ஊர்வலம். பின்வரிசைக்குப் பறவையின் பெயர் மட்டும்தான் வந்து சேரும்.

பைனாகுலர்: வாங்குவதற்கு முன், மாட்டிக்கொண்ட பின்

முதல் நடைக்கு வாங்க வேண்டாம். பல குழுக்களில் உபரியாக ஒன்றிரண்டு இருக்கும், முன்கூட்டியே கேட்டால் தருவார்கள். இரண்டு மூன்று நடைகளில் பிறருடையதைக் கண்ணில் வைத்துப் பார்த்தபின் வாங்குவதே புத்திசாலித்தனம்.

அதன் மேல் 8×42 என்று எழுதியிருக்கும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறது என்பது. 42 என்பது முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும்: 5.25 மில்லிமீட்டர். விடியற்காலை மங்கலில் கண்பாவை விரிந்திருக்கும்போது இந்த அகலம் உதவும். பத்து மடங்கு இன்னும் நல்லதுதானே என்று புதியவர்கள் நினைப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி உங்கள் கைநடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கும், தெரியும் பரப்பும் பொதுவாகக் குறையும். தொடக்கத்தில் பறவையைக் கண்ணாடிக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு. ஆகவே என் ஓட்டு எட்டுக்குத்தான்.

கையில் வந்ததும் செய்ய வேண்டியவை:

1. இரு குழாய்களையும் நடுக்கீலில் மடக்கியும் விரித்தும், இரண்டு வட்டங்கள் ஒரே வட்டமாகத் தெரியும்வரை சரிசெய்யுங்கள்.
2. மூக்குக்கண்ணாடி அணிபவர் என்றால், கருவியில் கண் வைக்கும் முனையில் உள்ள வளையங்களை உள்ளே தள்ளுங்கள். அணியாதவர் வெளியே இழுங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமலேயே, 'ஓரமெல்லாம் கறுப்பாகத் தெரிகிறது' என்று கருவியைக் குறை சொல்வார்கள்.
3. வலது வில்லையை உள்ளங்கையால் மறைத்து, இடது கண்ணால் தூரத்துப் பலகை ஒன்றைப் பார்த்து, நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது வில்லையை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பக்கம் உள்ள சிறு வளையத்தால் அதே பலகையைத் தெளிவாக்குங்கள். இரு கண்ணின் பார்வை வேறுபாடும் இதோடு சரியாகிவிடும். இனி நாள் முழுவதும் நடுச்சக்கரம் மட்டும் போதும்.

பறவையைக் கண்ணாடிக்குள் பிடிக்க ஒரே ஒரு தந்திரம்தான் உண்டு. வெறுங்கண்ணால் பறவையைப் பாருங்கள். பார்வையை எடுக்காமல், தலையைக் குனியாமல், கருவியை மட்டும் கண்ணுக்கு உயர்த்துங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும். முந்தைய நாள் மாலை சன்னலில் நின்று, எதிரே உள்ள கம்பத்தின் உச்சியை இப்படி இருபது முறை பிடித்துப் பழகுங்கள். வீட்டார் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

உடுப்பும் பையும்

மண், இலை, சாம்பல் நிறங்கள். முழுக்கை, முழுக்கால், விளிம்புள்ள தொப்பி. நிறத்தைவிடச் சத்தத்தைக் கவனியுங்கள்: நடக்கும்போது சரசரக்கும் மழைச்சட்டை ஒன்று போதும், குழு முழுவதும் உங்களைச் சபிக்க. பழைய காலணி, மாற்றுக் காலுறை, குடிநீர், சிறு குறிப்பேடு, பென்சில். பேனா மை ஈரத்தில் பரவும், பென்சில் பரவாது.

கொசு விரட்டி அவசியம். ஆனால் 'டீட்' என்ற வேதிப்பொருள் கலந்த விரட்டி பிளாஸ்டிக்கைக் கரைக்கக்கூடியது. பூசிய விரலோடு பைனாகுலரைப் பிடித்தால் அதன் பிளாஸ்டிக்கும் ரப்பர் உறையும் பாழாகும். புறங்கையால் பூசிக்கொள்ளுங்கள், அல்லது பூசியபின் விரல்களை நன்றாகத் துடையுங்கள்.

நடக்கத் தொடங்கும்போது

முன்னால் வழிகாட்டி, கடைசியில் ஓர் அனுபவசாலி, நடுவில் நாம். வழிகாட்டியைத் தாண்டி நடக்காதீர்கள். பாதை திரும்பும் இடத்தில் முதலில் தலை நீட்டுபவர் பறவையை எழுப்பிவிட்டால் பின்னால் வரும் ஒன்பது பேருக்கும் வெறும் நீர்தான் மிச்சம். திருப்பங்களில் எல்லாரும் சேரும்வரை நின்று, ஒன்றாக மெல்ல நகர வேண்டும்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் நின்றால் எல்லாப் பறவையும் கரிக்கட்டைதான்.

ஈரநிலத்தில் பாதை பல இடங்களில் பலகை நடைபாலமாக இருக்கும். முக்காலியில் நிற்கும் ஸ்கோப் பொதுவாக 20 முதல் 60 மடங்குவரை பெரிதாக்கும்; பத்தடி தள்ளி ஒருவர் காலை மாற்றி வைத்தாலும் அதற்குள் தெரியும் உலகம் நிலநடுக்கம் கண்டதுபோல ஆடும். ஆகவே ஒருவர் ஸ்கோப்பில் கண் வைத்திருக்கும்போது மற்றவர்கள் அசையாமல் நிற்பது மரியாதை. உங்கள் முறை வரும்போது குழாயைப் பிடிக்காதீர்கள், முக்காலியில் சாயாதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணை மட்டும் கொடுங்கள். பத்து நொடி பார்த்துவிட்டு அடுத்தவருக்கு விடுங்கள், வேண்டுமானால் வரிசையில் மறுபடி வாருங்கள்.

பேச்சு தணிந்த குரலில் இருக்கட்டும். முற்றிலும் ஊமையாக இருக்கத் தேவையில்லை. பறவையைப் பெரும்பாலும் கலைப்பது சட்டென்ற அசைவும் நீட்டிய கையும்தான். கையை உடம்போடு ஒட்டி, விரலால் மட்டும் சுட்டுங்கள். அதைவிட நல்லது, வாயால் சொல்லுங்கள்.

இடம் சொல்லும் கலை

இதற்குத்தான் வந்தோம். பறவை கண்ணில் பட்டதும் அதன் பெயரைத் தேடி மூளையைக் கசக்காதீர்கள். பெயர் தெரியாவிட்டாலும் இடத்தைச் சொன்னால் பெயர் சொல்ல ஆள் இருக்கிறார்கள். பெயரை மட்டும் சொன்னால் யாராலும் பார்க்க முடியாது.

பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள், அசையாததிலிருந்து தொடங்குங்கள். முதலில் எல்லாருக்கும் ஐயமின்றித் தெரியும் ஒன்று: தனி மரம், கம்பம், பாலத்தின் முனை. அது தெரிகிறதா என்று கேட்டு, 'தெரிகிறது' என்று பதில் வந்த பிறகே அடுத்த படி. 'அந்தக் கொக்குக்கு வலப்பக்கம்' என்று இன்னொரு பறவையை அடையாளமாக வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் கொக்கு நடந்து இடப்பக்கம் போயிருக்கும். படகும் மேகமும் மேய்கின்ற மாடும் இதே ரகம்.

கடிகார முறை பலருக்குத் தெரியும், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. மரத்தைக் கடிகார முகமாக எண்ணி, உச்சி 12, வலது ஓரம் 3 என்பது ஒரு வழக்கம். நாம் நிற்கும் இடத்தை நடுவாக வைத்து, நேரெதிர் 12, வலக்கைப் பக்கம் 3 என்பது இன்னொன்று. ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றதையும் மனத்தில் வைத்துக்கொண்டால் 'இரண்டு மணி' என்றதும் பாதிக் குழு மரத்தையும் பாதிக் குழு வயலையும் பார்க்கும். நடை தொடங்கும்போதே எது என்று பேசி முடித்துவிடுங்கள்.

தூரத்தை மீட்டரில் சொல்லாதீர்கள். நீர்ப்பரப்பின் மேல் யாருக்கும் தூரம் சரியாகத் தெரியாது. அகலத்தைச் சொல்லுங்கள். கையை முழுக்க நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்றில் ஒரே பார்வையில் தெரியும் அகலம் பொதுவாக அதைவிடக் கொஞ்சம் குறைவு. 'கம்பத்திலிருந்து இடப்பக்கம் ஒரு முட்டி' என்றால் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே இடம்.

இதை நான் கற்றது ஒரு மூத்த பெண்மணியிடம். சேறும் நீருமாக வெறிச்சென்று கிடந்த ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொல்லத் தொடங்கினார்.

"எதிர்க்கரையில் மூன்று கம்பங்கள். தெரிகிறதா தம்பி?"

"தெரிகிறது அம்மா."

"நடுக்கம்பம். அதன் அடிக்கு வாருங்கள். அங்கிருந்து நீரோரமாகவே இடப்பக்கம் அரை முட்டி. கவிழ்த்த சட்டிபோல ஒரு மண்கட்டி."

"ஆமாம்."

"அதன் நிழலில் காய்ந்த புல். அந்தப் புல்லுக்குக் கண் இருக்கிறது, பாருங்கள்."

இருந்தது. முதுகில் வைக்கோல் நிறத்தில் கோடுகள், தலையில் கோடுகள், காய்ந்த கோரையை வெட்டி ஒட்டியது போன்ற உடல். கண் தலையின் பக்கவாட்டில், வெகு பின்னால் தள்ளி இருந்தது. உள்ளான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையைவிட இரு மடங்கு நீளமான அலகைச் சேற்றில் வேர்வரை இறக்கி, தையல் எந்திரத்தின் ஊசிபோலக் குத்திக்கொண்டே நகர்ந்தது. அலகை வெளியே எடுக்காமலேயே அதன் நுனியை மட்டும் மண்ணுக்குள் திறந்து புழுவைப் பற்றக்கூடிய பறவை அது. முகம் சேற்றில் புதைந்திருக்கும்போதும் பின்னால் வரும் ஆபத்தைப் பார்ப்பதற்காகத்தான் கண் அவ்வளவு பின்னால். அந்த அம்மா சொல்லியிராவிட்டால் நான் அந்த மூலையில் மண்கட்டியைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

எதைப் பார்ப்பது

புதியவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள். நிறம் ஏமாற்றும். ஆண் வாத்துகள் பல, இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இறகு உதிர்த்து, சில வாரங்கள் பெட்டையைப் போலவே மங்கிக் கிடக்கும். கொக்குகளின் அலகு நிறம் பருவத்துக்குப் பருவம் மாறும். உருவம், அலகு, கால், செய்யும் வேலை: இந்த வரிசையில் பாருங்கள். நிறம் கடைசியில் வரட்டும்.

நம் பறவைப் பெயர்களை வைத்தவர்களும் இதே வரிசையில்தான் பார்த்திருக்கிறார்கள் போலும். கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், தட்டைவாயன் எல்லாம் அலகைப் பார்த்து வந்த பெயர்கள். முக்குளிப்பான் செய்யும் வேலை பெயரிலேயே இருக்கிறது. பாம்புத்தாரா உடலை நீருக்குள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும்போது பார்த்தவர், அந்தப் பெயரை மறக்கவே முடியாது. நாமக்கோழிக்கு நெற்றியில் வெள்ளைத் தகடு. அதோடு நீந்தும் தாழைக்கோழிக்குச் சிவப்புத் தகடு, மஞ்சள் அலகு நுனி, போதாக்குறைக்கு நொடிக்கு நொடி வாலை ஆட்டும் பழக்கம். பெயரைப் பிரித்துப் பார்த்தாலே பாதி அடையாளம் கிடைத்துவிடுகிறது.

முதல் நாளுக்கு நான்கு விதிகள் தருகிறேன்.

பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். நாரைக் கொக்கினம், அதாவது வெண்கொக்கு, சாம்பல் நாரை, வக்கா முதலியவை, கழுத்தை மடக்கித் தோளுக்குள் இழுத்துக்கொண்டு பறக்கும். அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் பூநாரையும் கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும். எழும்பும் முதல் சில நொடிகளில் கொக்கும் கழுத்தை நீட்டியிருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வாத்து எழும்பும் விதத்தைப் பாருங்கள். தலையை மட்டும் நீரில் கவிழ்த்து வாலைத் தூக்கி மேயும் இனங்கள், எழும்பும்போது நீரிலிருந்து நேரே துள்ளும். முழுகி இரை தேடும் இனங்கள் நீர்மேல் சிறிது தூரம் ஓடித்தான் எழும்பும்.

சேற்றில் ஓடும் சின்னப் பறவை என்றால் நடையைப் பாருங்கள். ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்துக் கொத்தி, மறுபடி ஓடினால் அது உப்புக்கொத்தி வகை. கண்ணால் தேடும் பறவை, ஆகவே கண் பெரிது, அலகு குட்டை. நிற்காமல் குத்திக்கொண்டே நகர்ந்தால் உள்ளான் வகை. அலகால் தடவித் தேடும் பறவை, ஆகவே அலகு நீளம். இந்த அலகு நீளங்கள் வேறுவேறாக இருப்பதால்தான் ஒரே சேற்றுத் திட்டில் ஐந்தாறு இனங்கள் பெரிய போட்டியின்றி மேய முடிகிறது: மேல்படிவத்தில் ஒன்று, இரண்டு விரற்கடை ஆழத்தில் ஒன்று, ஒரு சாண் ஆழம்வரை எட்டுவது மற்றொன்று.

வெள்ளைக் கொக்கு என்றால் பாதத்தைப் பாருங்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் மஞ்சள் பாதம் என்றால் சின்ன வெண்கொக்கு. ஆழமற்ற நீரில் அது ஒரு காலை முன்னே நீட்டி, மஞ்சள் விரல்களை நடுங்க வைத்துச் சேற்றைக் கலக்கும். பதறி வெளியே ஓடும் மீன் அலகுக்குள் போகும். பாதம் தெரியாமல் நீரில் நின்றால் பொறுத்திருங்கள், ஒரு முறையாவது காலைத் தூக்கும்.

ஒரு வேண்டுகோள். நடையில் எங்காவது, எல்லாரும் அடுத்த இனத்தைத் தேடி நகரும்போது, ஒரே பறவையை ஐந்து நிமிடம் பாருங்கள். மிகச் சாதாரணமான பறவையாக இருக்கட்டும். நீர்க்காகம் போதும். ஏன் சிறகை விரித்துக் காயவைக்கிறது? அதன் வெளி இறகுகள் வாத்தின் இறகைப்போல நீரை முழுதாகத் தள்ளுவதில்லை, நனைகின்றன. நனைந்த உடல் மிதப்புக் குறைந்து எளிதில் முழுகும், மீன் பிடிக்க வசதி. முழுகி எழுந்தபின் காய வேண்டியதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. வழிகாட்டி அன்று அறுபது பெயர் சொல்லலாம். அத்தனையும் மறுநாள் உங்களுக்கு நினைவிருக்காது, இந்த நீர்க்காகம் இருக்கும்.

மறைவிடத்துக்குள்

நீரைப் பார்த்துச் சன்னல் கீறல்கள் வைத்த மரக்குடில்கள் சில பூங்காக்களில் உண்டு. கதவை மெல்லச் சாத்துங்கள். கீறலுக்கு வெளியே கையோ வில்லையோ நீட்டாதீர்கள், பறவைக்கு அது சுவரிலிருந்து கை முளைத்த மாதிரி. முன்வரிசை இருக்கையில் நிரந்தரமாகக் குடியேறாதீர்கள். படம் எடுப்பவர்களிடம் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஷட்டர் ஒலியை அணைக்கச் சொல்வது உட்பட.

பறவை 'போதும்' என்று சொல்லும்போது

மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் அது உங்களைக் கவனித்துவிட்டது என்று பொருள். அங்கேயே நில்லுங்கள். உடலைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, விலகி நடக்கத் தொடங்கினால் இரண்டடி பின்வாங்குங்கள். பறந்துவிட்டால் நாம் தாமதமாகப் புரிந்துகொண்டோம். ஒரு முறை பறப்பதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். வலசைப் பறவைக்கு உடம்பில் உள்ள கொழுப்புதான் வழிச்செலவு. 2022இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய இளம் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில், இடையில் எங்கும் இறங்காமல், சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட பயணத்துக்காகச் சேற்றில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவையைப் படத்துக்காக நான்கு முறை எழுப்பினால், அது சேர்த்ததில் நாம் கைவைத்ததாக ஆகும்.

ஆட்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால், பக்கத்தில் தரையில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. தேடாதீர்கள். வந்த காலடியிலேயே திரும்புங்கள், முட்டை கூழாங்கல் மாதிரி இருப்பதால் மிதித்துவிட வாய்ப்பு உண்டு. சிறகு ஒடிந்ததுபோல ஒரு சிறுபறவை தரையில் இழுத்துக்கொண்டு ஓடினாலும் அது உங்களைக் கூட்டிலிருந்து அப்பால் இழுக்கும் நாடகமாக இருக்கலாம். இரக்கப்பட்டுப் பின்தொடராமல் அந்த இடத்தைவிட்டு விலகுங்கள்.

கைபேசியில் பறவைக்குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நம்பி அது வேலையை விட்டுவிட்டு வரும். மெர்லின் போன்ற செயலிகள் கேட்கும் குரலை வைத்துப் பெயர் சொல்லும். அதில் தவறில்லை, ஆனால் அதைத் துப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செயலி சொன்ன பறவையைக் கண்ணால் தேடிப் பிடிப்பதில்தான் பழக்கம் வளரும்.

இறந்த பறவை கிடந்தால் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் காரணமாக. இடத்தைக் குறித்துப் பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள்.

எண்ணுவது

நடைகளில் பட்டியல் ஒன்று எழுதுவார்கள். பலர் அதை இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவார்கள். 2002இல் தொடங்கிய அந்தத் தளத்தில் உலகின் எந்த மூலையிலிருந்தும் பதியலாம். இனமும் எண்ணிக்கையும் மட்டும் போதாது. தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், அடையாளம் கண்ட எல்லா இனங்களையும் எழுதினோமா என்பதும் வேண்டும். அரிய பறவையை மட்டும் எழுதிக் காகத்தை விட்டுவிட்டால், பின்னால் ஆய்வு செய்பவருக்கு அன்று காகமே இல்லையா, எழுதவில்லையா என்று தெரியாது. குழுவில் ஒருவர் எழுதி மற்றவர்களோடு பகிர்ந்தால் போதும். பத்துப் பேரும் தனித்தனியே பதிந்தால் நூறு வாத்து ஆயிரமாகிவிடும்.

பெரிய கூட்டத்தை எண்ண, முதலில் பத்தை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதியுங்கள். அதே அளவுத் துண்டைக் கூட்டத்தின் மேல் ஒட்டிக்கொண்டே போய்ப் பெருக்குங்கள். பல இனங்கள் கலந்திருந்தால் மொத்தத்தை முதலில் எண்ணி, பிறகு பங்கு பிரியுங்கள். பருந்தொன்று வந்து கூட்டத்தை எழுப்பிவிட்டால் எண்ணியவை மறுபடி வேறு மூலையில் இறங்கும். ஒரே நேரத்தில் கண்ட மிக அதிக எண்ணை எழுதுங்கள். பெரிய கூட்டங்களைப் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நானும் அப்படித்தான். கை பழகினால் ஜனவரியில் நடக்கும் பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம், அது 1967 முதல் நடந்துவருகிறது.

பெயர் தெரியாத பறவைக்குப் பெயர் எழுதாதீர்கள். 'உள்ளான் வகை, 14' என்பது நேர்மையான பதிவு.

வீடு திரும்பிய பின்

குறிப்பேட்டை அன்று மாலையே விரித்து, பென்சில் கிறுக்கல்களுக்கு முழுச்சொல் எழுதுங்கள். 'நீ.கா., வ.கரை, இ.சி.' என்று மூன்று நாள் கழித்துப் படித்தால் எனக்கே புரிந்ததில்லை. பைனாகுலர் வில்லையைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். முதலில் தூசியை ஊதித் தள்ளி, பிறகு வில்லைத் துணியால் மெல்லத் துடையுங்கள்.

காலணியில் ஒட்டிய சேற்றை வாசலுக்கு வெளியே சுரண்டி, பள்ளங்களில் இருக்கும் விதைகளையும் செடித்துண்டுகளையும் நீக்கிக் கழுவி, வெயிலில் வையுங்கள். ஒரு குளத்தின் அயல் களையும் நத்தையும் இன்னொரு குளத்துக்குப் போவது இப்படியும்தான், ஈரக் காலணியிலும் முக்காலியின் காலிலும். முக்காலியின் காலையும் மறக்காமல் துடையுங்கள். அடுத்த நடை அடுத்த வாரம் என்றால், காலணி உள்வரை காய இரண்டு நாள் வெயில் வேண்டும்.